10,683 பேர் இருந்த ஊரும் எங்க அப்பாயியும்

போன மாசம் பூரா ஒரே ஒரு நம்பர் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. 10,683. 1824 ஜனவரில சிங்கப்பூர்ல முதல் தடவையா ஒழுங்கா ஆள் எண்ணிப் பாத்தப்ப வந்த மொத்தக் கணக்கு அது. இப்ப நாம நாடுன்னு சொல்ற இந்த இடம் அன்னைக்கு ஒரு ஆத்து வாய்ல ஒட்டிக்கிட்டிருந்த சின்ன ஊர்தான், அதுக்கு அந்தாண்ட காடு, சதுப்பு, கடல்.

பத்தாயிரம்னா எவ்ளோ பேருன்னு கண்ணுக்குத் தெரியணுமேன்னு நான் எங்க ஏரியாவை வச்சே கணக்குப் போட்டேன். ஆங் மோ கியோல எங்க புளோக்குல, அதான் அடுக்குமாடிக் கட்டடத்துல, நூத்துப்பத்து வீடு கிட்ட வரும், வீட்டுக்கு மூணு பேர்னு வச்சா 330 பேர். அப்படின்னா அந்த முழு ஊரையும் கொண்டாந்து முப்பத்திரண்டு புளோக்ல குடி வச்சிடலாம், நான் சாயங்காலம் நடக்கப் போற சுத்து இருக்கு பாருங்க, அதுக்குள்ளயே அடங்கிடும். அந்தப் பத்தாயிரத்துல இந்தியர்கள் 756 பேர். ரெண்டேகால் புளோக்.

மீதிக் கணக்கையும் சொல்லிடறேன். மலாய்க்காரங்க 4,580, சீனர்கள் 3,317, பூகிஸ்காரங்க (சுலாவெசித் தீவுப் பக்கத்துக் கடல் வியாபாரிங்க) 1,925, ஐரோப்பியர்கள் 74, ஆர்மீனியர்கள் 16, அரேபியர்கள் 15. கூட்டிப் பாத்தா டாண்ணு 10,683 வருது, நான் ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன். அஞ்சு வருஷம் முன்னாடி, 1819 ஜனவரில கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்கினப்ப ஆத்து வாய்ல நூத்தம்பது பேர், தீவு முழுக்கச் சேத்தா ஆயிரம் பேர் இருந்திருப்பாங்கன்னு பொதுவா சொல்லுவாங்க. 1821லயே 4,700 ஆயிடுச்சு, அடுத்த மூணு வருஷத்துல அது ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு. இப்படி ஊர் ஊதறது குழந்தை பொறந்து இல்ல. கப்பல்ல வந்து இறங்கி இறங்கித்தான்.

அந்த 756 பேர்ல நமக்குச் சட்டுன்னு வர்ற பேர் எத்தனை? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, நாராயண பிள்ளை. பினாங்குல இருந்து 1819 மே மாசம் ராஃபிள்ஸோட ரெண்டாவது பயணத்துல இந்தியானா கப்பல்ல வந்தவரு, செங்கல் சூளை போட்டாரு, துணிக்கடை வச்சாரு, கடை தீப்பிடிச்சு எல்லாம் போயி திரும்ப எழுந்தாரு, மாரியம்மன் கோயில் கட்ட முன்ன நின்னாரு. நம்ம பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் அவர் பேர் தெரியும். நல்லது, தெரியணும். மத்த 755 பேர்?

அவங்க பேரெல்லாம் கிடைக்காதுங்கறது எனக்குப் புரியுது. ஆனா அவங்க யாரு, எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு கண்டுபிடிக்க அந்தக் கணக்கை விட நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு, அவங்க கட்டின இடங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டுல சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள், கட்டின ஜாமியா பள்ளிவாசல் 1826ல தொடங்கினது. அதுக்குப் பக்கத்துலயே, நடந்தா ரெண்டு நிமிஷம்கூட ஆகாது, மாரியம்மன் கோயில், 1827, மொதல்ல மரமும் அத்தாப்பு ஓலையும்தான். அதே 1827ல தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுல அல் அப்ரார் பள்ளிவாசல், அப்ப வெறும் கூரைக் குடிசையா இருந்ததால நம்மாளுங்க குச்சுப் பள்ளின்னே கூப்பிட்டாங்க. அதே தெருவுல நாகூர் தர்கா, 1828ல ஆரம்பிச்சு 1830ல முடிச்சது. யோசிச்சுப் பாருங்க, எண்ணூறு பேர் கூட இல்லாத கூட்டம், அதுக்கப்புறம் வந்து சேந்தவங்களையும் கூட்டிக்கிட்டாலும் ரெண்டு மூணு ஆயிரத்தைத் தாண்டியிருக்கப் போறதில்ல, படகு தள்றவனும் மூட்டை தூக்கறவனும் வட்டிக்கு விடறவனும் சின்னக் கடை வச்சவனுமா இருந்த கூட்டம், ஏழு வருஷத்துக்குள்ள நாலு வழிபாட்டு இடம் எழுப்பியிருக்கு. அதுல ஒண்ணுக்கு நாகூர் பேரையே வச்சிருக்கு. நாகூர் ஆண்டவரை விட்டுட்டு வந்தவங்க, இங்க வந்து அவரை நெனச்சுக்க ஒரு இடம் கட்டிக்கிட்டாங்க. கணக்குத் தாள்ல 'இந்தியர்'னு ஒரே வரில போட்ட கூட்டத்துல சோழமண்டலக் கரைக்காரங்க எவ்ளோ பேர் இருந்திருப்பாங்கன்னு இந்த நாலு கட்டடமும் சொல்லுது.

இன்னொண்ணும் சொல்லணும். 1822ல ஊருக்குப் பிளான் போட்டப்ப ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியா இடம் ஒதுக்கினாங்க, சீனர்களுக்கு ஆத்துக்குத் தெக்கால, அராபியர், பூகிஸ்காரங்களுக்குக் கம்போங் கிளாம் பக்கம், நம்மவங்களுக்கு ஆத்தை ஒட்டி மேல கொஞ்சம் தள்ளி சூலியா கம்பம். படகுத் தொழில் ரொம்ப காலம் அவங்க கைலதான் இருந்துச்சு, அதான் ஆத்தோரம். இப்ப பேங்க் கட்டடமா நிக்கற சூலியா ஸ்ட்ரீட் ஒரு காலத்துல கிளிங் ஸ்ட்ரீட், இந்தியரைக் குறிக்கற அந்தச் சொல் வசைச்சொல்லா மாறிப் போனதுல பேரை மாத்தினாங்க. இப்ப பாத்தா நேர் எதிர். 1989ல இருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குல எந்த இனமும் ஒரே இடத்துல குவியக் கூடாதுன்னு விகிதம் வச்சிருக்காங்க, இப்ப இந்தியரும் மத்தவங்களும் சேந்து ஒரு புளோக்குல 15 விழுக்காடு வரைக்கும், அக்கம்பக்கம் முழுசுக்கும் 12. நான் முன்ன சொன்ன ரெண்டேகால் புளோக்குல அந்த 756 பேரையும் இன்னைக்கு ஒண்ணாக் குடி வைக்க முடியாது, பதினஞ்சு பதினாறு புளோக்குக்குப் பரப்பணும். எனக்கு இது குறையாத் தெரியல. எதிர் வீட்டு மலாய் ஆன்ட்டி ஹரிராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பறதும் நான் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பறதும் இதனாலதான் நடக்குது. ஆனா ஒரு ஊர்ல யார் எங்க இருக்காங்கங்கறது தானா அமையறதே இல்லங்கறதை மறந்துடக் கூடாது. அன்னைக்கும் யாரோ கோடு போட்டாங்க, இன்னைக்கும் போடறாங்க.

சரி, என்னை ரொம்ப உறுத்தற விஷயத்துக்கு வரேன். பொம்பளைங்க எங்க?

அந்த 756ல பெண்கள் விரல் விட்டு எண்ற அளவுலதான் இருந்திருக்கணும். ரொம்ப பின்னாடி, நூறு வருஷம் கழிச்சும் அப்படித்தான் இருந்துச்சுன்னு கணக்கு சொல்லுது. 1931 கணக்கெடுப்புல சிங்கப்பூர் இந்தியர்ல ஆயிரம் பெண்ணுக்கு ஐயாயிரத்துக்கு மேல ஆண்கள். ஒருத்திக்கு அஞ்சு பேர். 1957லகூட ஆயிரத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல. எங்க அப்பாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனா அது சொல்லும், நான் வந்து இறங்கின நாள்ல லைன் வீட்டுல பொம்பள கொரலே கேக்கலடி, ராத்திரி எல்லாக் கதவுக்கும் வெளியில ஆம்பளைங்க உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தானுவன்னு. அப்பாயி மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி 1951ல வந்துச்சு. தாத்தா அதுக்குப் பதினாலு வருஷம் முன்னாடியே 1937ல வந்தவரு, துறைமுகத்துல மூட்டை தூக்கற வேலை, தஞ்சோங் பகார் பக்கம் லைன் வீடு. நடுவுல ஒரே தடவை ஊருக்குப் போனாரு, கல்யாணம் கட்ட. கட்டிட்டு மூணு மாசத்துல திரும்பிட்டாரு. அப்புறம் கடுதாசியும் மணியார்டரும்தான்.

1953ல குடிநுழைவுச் சட்டம் இறுகிடுச்சு. அப்பாயி ரெண்டு வருஷம் தாமதிச்சிருந்தா வந்திருக்குமான்னு தெரியல. வராமப் போயிருந்தா எங்க அப்பா இங்க பொறந்திருக்க மாட்டாரு, நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். கூட வேலை பாத்த பல பேரோட பொண்டாட்டிங்க வரவே இல்ல. அவங்க பிரிட்டிஷ்காரன் 1971ல தளத்தையெல்லாம் மூடிட்டுப் போறப்பவும், வேலை போய் வயசும் ஆனப்பவும் ஒவ்வொருத்தரா ஊருக்குத் திரும்பிட்டாங்க. 1980ல சிங்கப்பூர் ஆளுங்கள்ல இந்தியர் பங்கு 6.4 விழுக்காடா இறங்கி நிக்குது பாருங்க, அந்த எறக்கத்துக்குள்ள எங்க லைன் தாத்தாக்கள் எத்தனையோ பேர் இருக்காங்க. டிரங்குப் பெட்டியும் ஃபிளாஸ்க்கும் கோடாலித் தைல டப்பாவுமா துறைமுகத்துல நின்னு கை காட்டிட்டுப் போனாங்கன்னு அப்பா சொல்வாரு.

அந்தப் பங்கு எப்படி ஏறி இறங்கியிருக்குங்கறதே ஒரு கதை. 1824ல 7 விழுக்காடு. 1860ல 16 கிட்டப் போயிடுச்சு. காரணம் ஒண்ணு, 1825ல இருந்து இந்தியக் கைதிங்களை இங்க கொண்டாந்தாங்க, 1873 வரைக்கும் கைதிச் சிறை இருந்துச்சு, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டின கைங்க அந்தக் கைங்க. அந்த 1860க்கு அப்புறம் இருபது வருஷத்துல 9க்குக் கீழ வந்துடுச்சு, நம்மாளு குறைஞ்சு இல்ல, பன்னெண்டாயிரம் சொச்சம் அப்படியேதான் இருந்துச்சு, சுத்திச் சீனர் வருகை பெருசாகிப் போச்சு. விழுக்காடு மட்டும் பாக்கறவங்க இதுல ஏமாந்துடுவாங்க. அப்புறம் 1980ல 6.4, 1990களுக்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலைக்கும் மத்த வேலைக்கும் வந்து நிரந்தரவாசி ஆனவங்களால திரும்ப ஏறி 2010ல 9.2, 2020ல 9.0. ஆனா அந்த 9க்குள்ள தமிழர் பங்கு முன்ன மாதிரி இல்ல. 1980ல இந்தியர்ல மூணுல ரெண்டு பங்கு கிட்ட தமிழர், 2010ல 54 விழுக்காடு.

இப்ப எங்க வீட்டுக் கதை ஒண்ணு. 2020 கணக்கெடுப்புக்கு ஒன்றரை லட்சம் குடும்பம் கிட்ட தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்டாங்க, எங்க வீட்டுக்கும் கடுதாசி வந்துச்சு. ஆன்லைன்ல நான்தான் நிரப்பினேன். எல்லாம் வேகமாப் போச்சு, படிப்பு, வேலை, எதுல பயணம் போறீங்க. வீட்டுல அதிகமா பேசற மொழி எதுன்னு வந்தப்ப நான் யோசிக்காம தமிழ்னு போடப் போனேன். மக பக்கத்துல உக்காந்து இருந்தா. அம்மா, நீ என்கிட்ட தமிழ்ல கேக்கற, நான் உன்கிட்ட இங்கிலீஷ்ல பதில் சொல்றேன், தம்பிக்கிட்ட நான் தமிழ் பேசி எவ்ளோ நாளாச்சு, எனக்குன்னு கேட்டா இங்கிலீஷ்தான் போடணும், பொய் சொல்லக் கூடாதுல்லன்னா. எங்க அம்மா சோபாவுல இருந்து, பேத்தி என்கிட்ட தமிழ்தானே பேசுதுன்னு சொன்னாங்க. அது உண்மைதான். அம்மாச்சிக்கிட்ட மட்டும் பேசுது.

கடைசில எனக்கும் அம்மாவுக்கும் தமிழ், பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ்னு போட்டேன். போட்டு அனுப்பிட்டு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பின்னாடி முடிவு வந்துச்சு. இந்தியர் வீடுகள்ல அதிகமா தமிழ் பேசறவங்க 2000ல 42.9 விழுக்காடு, 2020ல 27.2. அந்த எறக்கத்துல எங்க வீட்டு ரெண்டு பேரும் இருக்காங்க, என் விரலாலதான் அதை அமுக்கினேன். இங்கிலீஷ் அதிகமா பேசற வீட்டுலயும் பெரும்பாலானவங்க இன்னொரு தாய்மொழியும் பேசறாங்கன்னு அதே கணக்கெடுப்புல இருக்கு, அதைப் படிச்சப்ப கொஞ்சம் மூச்சு வந்துச்சு. மக கிட்ட நான் கோவிச்சுக்கல. அவ உள்ளதைச் சொன்னா. அதுக்கப்புறம் சாப்பிடற நேரத்துல மட்டும் எல்லாரும் தமிழ்னு வச்சிருக்கோம், சில நாள் அமைதியாவே சாப்பிட்டு எழுந்துடறாங்க, சில நாள் நல்லாப் போகுது.

கணக்குக்குள்ள வராமலே போனவங்களும் இருக்காங்க. தாத்தாவுக்கு ஒரு தம்பி, அப்பா அவரைச் சின்னையான்னு சொல்வாரு. 1938ல அண்ணனைத் தேடி வந்தாரு, பதினெட்டு வயசு. ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டு வேலை பாத்து கால் வீங்கி காய்ச்சல்ல 1944ல போயிட்டாரு. சிங்கப்பூர்ல 1931ல ஒரு கணக்கெடுப்பு, அடுத்தது 1947ல, 1941ல எடுக்க வேண்டியது போரால நடக்கல. அந்தப் பதினாறு வருஷத்துக்கு நடுவுல வந்து நடுவுலயே செத்துப் போனவங்க இந்த ஊரோட எந்தக் கணக்குலயும் ஒரு ஆளா நிக்கல. தேசிய நூலகத்துல உக்காந்து 1947 கணக்கைப் பத்திப் படிச்சிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு இது உறைச்சுது. 9,38,000 பேர்னு இருக்கு. அதுல தாத்தா ஒருத்தர். சின்னையா இல்ல. ஆறு வருஷம் இந்த ஊர்ல மூட்டை தூக்கியிருக்காரு, இந்த ஊர் மண்ணுலதான் இருக்காரு.

நான் சொல்ல வந்தது இதுதான். நம்ம ஜனங்களோட மக்கள்தொகையை நாம எப்பவும் பாதிக் கணக்காத்தான் படிக்கிறோம். இங்க எழுநூத்துச் சொச்சம் ஆம்பளைன்னா அங்க கரைல எங்கயோ ஒரு எழுநூறு வீடு இருந்துச்சு, ஒரு பொண்டாட்டி, ஒரு ஆத்தா, மணியார்டரை எதிர்பாத்துக்கிட்டு. தாத்தா 1947ல இங்க ஒரு ஆண், அப்பாயி 1951ல கப்பல் ஏறற வரைக்கும் அங்க ஒரு பெண், ரெண்டு நாட்டுக் கணக்குல ஒரு குடும்பம். சிங்கப்பூர் ஏடும் நாகப்பட்டினம் ஏடும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் படிச்சாத்தான் அந்த ஊர் முழுசாத் தெரியும். பேராசிரியருங்க யாராவது இதைச் செய்யணும்னு எனக்கு ரொம்ப ஆசை, தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமங்கள்ல ஆண் பெண் விகிதம் எந்தெந்த வருஷம் எப்படி இருந்துச்சுன்னு எடுத்து இங்க வந்த கப்பல் கணக்கோட ஒட்டிப் பாக்கணும்.

இது பழங்கதைன்னு நெனச்சுக்காதீங்க. 2020 கணக்குப்படி இந்தத் தீவுல மொத்தம் 56,85,807 பேர். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேந்து 40 லட்சம் சொச்சம், மீதி 16 லட்சம் பேர் வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியிருக்கவங்க. இந்தியர் 9 விழுக்காடுன்னு நாம சொல்றது அந்த 40 லட்சத்துக்குள்ள போட்ட கணக்கு. ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல சிராங்கூன் ரோடு நெடுக நிக்கிற புதுக்கோட்டைக்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் பட்டுக்கோட்டைக்காரரும் அந்த 9க்குள்ள இல்ல. அங்க நின்னு பாத்தா இந்த ஊர்ல எவ்ளோ தமிழ் கேக்குது, ஆனா தமிழ் 27.2 விழுக்காடுன்னு போடறப்ப அவங்க வாயில இருந்து வர்ற தமிழ் அதுல சேரல. கணக்கெடுக்கறவங்களுக்கு அதுக்குக் காரணம் இருக்கும், வீடும் குடும்பமும் வச்சுத்தான் திட்டம் போட முடியும். ஆனா 2020 ஏப்ரல்ல சாயங்காலம் சாயங்காலம் கோவிட் நம்பர் வந்துச்சே, சமூகத்துல இத்தனை, வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதில இத்தனைன்னு ரெண்டாப் பிரிச்சு. எங்க அம்மா டிவி முன்னாடி உக்காந்து, விடுதில இருக்கவனும் சமூகம்தானடின்னு ஒரு நாள் கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. நோயைப் பரவாமப் பிடிக்க அப்படிப் பிரிச்சாங்கன்னு மூளைக்குத் தெரியுது.

ரெண்டு வாரம் முன்னாடி தேக்காவுல காய் வாங்கிட்டு ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் பஸ்ஸுக்கு நின்னேன். பக்கத்துல ஒரு தம்பி, இருபத்தேழு இருபத்தெட்டு வயசு இருக்கும், பையில முருங்கைக்கீரை எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. யாருப்பா சமைக்கறதுன்னு கேட்டேன். முறை போட்டு சமைப்போம்க்கா, இன்னைக்கு என் முறைன்னாரு. எந்த ஊர்னு கேட்டதுக்கு அறந்தாங்கிப் பக்கம்னாரு. எங்க அப்பாயி மன்னார்குடிப் பக்கம்னு சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு, அப்ப நம்ம பக்கம்தானக்கா நீங்கன்னாரு. நான் இங்கயே பொறந்தவ, எங்க அப்பாவும் இங்க பொறந்தவருன்னு சொன்னேன், அதுனால என்னக்கான்னுட்டாரு.

உங்க ரூம்ல எத்தனை பேருன்னு கேட்டேன். பன்னெண்டு பேர்னாரு. நான் கேக்காமலே விரல் மடக்க ஆரம்பிச்சிட்டாரு. அறந்தாங்கி நானும் எங்க மச்சானும் ரெண்டு, பட்டுக்கோட்டை மூணு, ஒருத்தர் பேராவூரணி, திருவாடானை ரெண்டு, சிவகங்கை ஒண்ணு, கடலூர்ப் பக்கம் ஒரு அண்ணன், அவருதான் மூத்தவரு, பதினாறு வருஷமா இருக்காரு, இன்னும் ரெண்டு பேர் ஆந்திரா, அவங்களும் இப்ப தமிழ் பேசறாங்க. கல்யாணம் ஆனவங்க எட்டுப் பேர்க்கா. பிள்ளைங்க எத்தனை பேருக்குன்னு நான் கேட்டேன். அவர் திரும்ப முதல் விரல்ல இருந்து ஆரம்பிச்சாரு, மச்சானுக்கு ரெண்டு, பட்டுக்கோட்டையார்ல ஒருத்தருக்கு போன மாசம்தான் பொண்ணு பொறந்துச்சு, இன்னும் நேர்ல பாக்கலன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பஸ் வந்துடுச்சு. கீரைப் பையைத் தூக்கிட்டு ஓடினாரு. ஜன்னல் பக்கம் உக்காந்து என்னைப் பாத்து ஏழு விரலைக் காட்டினாரு.